கை மாறிய புத்தர்: ஒரு சீன மரச்சிலையைச் செப்பனிட்ட குறிப்புகள்

பினாங்கின் ஜார்ஜ்டவுனில் பழைய நாற்காலி, அலமாரி, பெட்டி ஆகியவற்றைச் செப்பனிடுவது என் தொழில். வழிபாட்டில் இருக்கும் சிலைகளைக் கையில் எடுப்பதில்லை என்று நெடுநாளாக ஒரு விதி வைத்திருந்தேன். பக்கத்துத் தெருவில் குடியிருக்கும், ஹொக்கியன் மொழி பேசும் சீன ஆன்ட்டி ஒருவர், பழைய குளியல் துண்டில் சுற்றிய சிலை ஒன்றைக் கொண்டுவந்து என் மேசைமேல் நிறுத்தி, "தம்பி, வலது கை ஆடுகிறது, விழுவதற்குள் ஒட்டிக் கொடு, அவ்வளவுதான்" என்று மலாயில் சொன்னபோது அந்த விதி உடைந்தது. அரை மணி நேர வேலை என்று நினைத்து வாங்கி வைத்தேன். ஐந்து மாதம் ஆயிற்று.

நின்ற கோலத்தில் உள்ள புத்தர் அது. தாமரைப் பீடத்தையும் சேர்த்து உயரம் 46 செ.மீ. ஆன்ட்டியின் கொள்ளுப்பாட்டி ஃபுஜியன் மாநிலத்தின் சுவான்சோவிலிருந்து கப்பலேறியபோது உடன் கொண்டுவந்தது என்பது குடும்பத்தில் வழங்கும் செய்தி. இடது கை மார்புக்குச் சற்றுக் கீழே உள்ளங்கை மேல்நோக்க மடங்கியிருந்தது. அதில் எதுவும் இல்லை. வலது கை, விரல்கள் மேலே நிமிர, உள்ளங்கை முன்னே தெரிய, அபய முத்திரையில் இருந்தது. ஆனால் மணிக்கட்டு வளைந்த விதம் உறுத்தியது. தோளிலிருந்து இயல்பாகத் தொங்கி வரும் கை, கடைசி நேரத்தில் நினைவு வந்ததுபோல் வெடுக்கென்று நிமிர்ந்து, போக்குவரத்துக் காவலர் வண்டியை நிறுத்துவதுபோல் இருந்தது. மற்ற இடங்களில் இவ்வளவு அமைதியாகச் செதுக்கிய கைக்கு இங்கே மட்டும் ஏன் இந்தத் தடுமாற்றம் என்ற கேள்வியில்தான் வேலை தொடங்கியது.

முதலில் பூச்சி. பீடத்தைத் தட்டியபோது குண்டூசித் தலை அளவுள்ள துளைகளிலிருந்து மாவுபோல் தூள் கொட்டியது. உடல் கற்பூர மரம். அடியில் மறைவான ஓரிடத்தில் நகத்தால் கீறியபோதே வாசனை எழுந்தது. ஃபுஜியன் சிற்பிகள் இந்த மரத்தை விரும்புவதற்கு அது மென்மையாகச் செதுக்கக் கொடுப்பதோடு பூச்சிக்கும் பிடிக்காதது என்பது ஒரு காரணம். பீடத்துக்கோ எடை குறைந்த வேறு மரத்தைப் போட்டிருந்தார்கள். அதனால் சிலையை விட்டுவிட்டுப் பீடத்தை மட்டும் வண்டு உளுக்க வைத்திருந்தது. வண்ணமும் தங்கரேக்கும் உள்ள பொருளுக்கு மருந்தடிக்க மனமில்லாமல், காற்று புகாத உறைக்குள் ஆக்சிஜனை உறிஞ்சும் பொட்டலங்களுடன் சிலையை வைத்து மூன்று வாரம் மூடி வைத்தேன். பிறகு உளுத்த இடங்களில் பாராலாய்ட் பி-72 பிசினை அசிட்டோனில் முதலில் 5 விழுக்காடும் பின்னர் 10 விழுக்காடுமாகக் கரைத்துச் சொட்டுச் சொட்டாக ஊட்டினேன். இந்தப் பகுதியில் சொல்வதற்கு வேறொன்றுமில்லை. பொறுமை ஒன்றுதான் வேண்டும்.

சுத்தம் செய்யும்போது தவறு செய்தேன். நூறாண்டு ஊதுபத்திப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்த மேற்பரப்பில், பீடத்தின் பின்புற இதழ் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சை மெல்ல உருட்டினேன். பஞ்சில் கருமை ஏறியதைப் பார்த்து மகிழ்ந்து இரண்டாம் முறையும் உருட்டினேன். இம்முறை பஞ்சு இளஞ்சிவப்பாக வந்தது. இதழின் நரம்புக் கோடுகள் போய்விட்டன. பீடத்தின் வண்ணங்கள் வஜ்ஜிரத்தில், அதாவது தோலும் எலும்பும் காய்ச்சிய பசையில், குழைத்துத் தீட்டப்பட்டவை. வஜ்ஜிரத்துக்கு நீர் ஆகாது. தச்சு வேலையில் பத்து வயதிலிருந்து வஜ்ஜிரம் காய்ச்சிப் பழகியவனுக்கு இது தோன்றாமல் போனதற்குச் சாக்கு எதுவும் இல்லை. அன்று மாலையே ஆன்ட்டியிடம் போய்ச் சொன்னேன். அவர் இதழைப் பார்த்துவிட்டு, "பின்பக்கம்தானே" என்றார். அதன் பிறகு பீடத்தில் உலர்ந்த மென்தூரிகையும், ஊசிபோல் கூராக்கிய மூங்கில் குச்சியும் மட்டுமே பட்டன.

உடலின் கதை வேறு. முன்பு எப்போதோ செப்பனிட்டவர் சிலை முழுவதும் தங்க நிறப் பெயிண்ட் அடித்திருந்தார். பித்தளைத் தூள் கலந்த அந்தப் பூச்சு காலப்போக்கில் பச்சையோடிய பழுப்பாக மாறியிருந்தது. அதன் கீழே அரக்குமேல் ஒட்டிய உண்மையான தங்கரேக்கு இருந்தது. ஒரு மரத்தின் பாலான சீன அரக்கு ஒரு முறை நன்றாக இறுகிவிட்டால் அசிட்டோனுக்கு எளிதில் அசையாது என்பதால், பெயிண்டை மட்டும் நெகிழ வைத்து, உருப்பெருக்கியின் கீழே ஒரு நாளைக்குத் தீப்பெட்டி அளவு பரப்பாக எடுக்க முடிந்தது. ஆடை விளிம்புகளில் மயிரிழை போன்ற கோடுகள் சுருண்டு கொடியாகவும் தாமரையாகவும் எழுந்து நின்றன. பதப்படுத்தாத அரக்கு, காய்ச்சிய துங் எண்ணெய் (ஒரு மரக்கொட்டையின் எண்ணெய்), செங்கல் தூள் மூன்றையும் மாவாக இடித்து, கையால் நூல்போல் உருட்டி, சிலைமேல் சுற்றிச் சுற்றி ஒட்டும் வேலை இது. தென் ஃபுஜியனுக்கே உரியது. சியாமென் நகரத்து அரக்கு நூல் சிற்பக் கலையை 2006-இல் சீன அரசு தேசிய மரபுப் பட்டியலில் சேர்த்தது. விட்டுப்போன நூல்களை அதே பொருளால் போட ஆசைதான். ஆனால் அந்த அரக்கு தரும் மரம் நம் சேராங்கொட்டையின் குடும்பத்தைச் சேர்ந்தது, தோலில் பட்டால் அதுபோலவே கொப்புளம் கிளப்பும். விட்டுப்போனவற்றை அப்படியே விட்டேன்.

தலையில்தான் முதல் தடயம் கிடைத்தது. முடிச் சுருள்கள் மேல் கறுப்புப் பெயிண்ட் இருந்தது. அதை நீக்கியபோது அடியில் ஆழ்ந்த நீலம். பௌத்த ஏடுகள் புத்தரின் முடியைக் கருநீலம் என்றே சொல்வதால் சீனச் சிற்பிகள் பழங்காலம்தொட்டே இப்படித் தீட்டினார்கள். தானாக உதிர்ந்த துகள் ஒன்றின்மேல் நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டேன். நிறம் மறைந்து அழுகிய முட்டை வாடை வந்தது. நுண்ணோக்கியில் மணிகள் சிறிதாகவும் சீராகவும் இருந்தன. ஆகவே அது தொழிற்சாலையில் செய்த அல்ட்ராமரைன் நீலம். அந்த நிறத்தைச் செயற்கையாகச் செய்யும் வழி 1828 வாக்கில்தான் ஐரோப்பாவில் கண்டறியப்பட்டது. எனவே இந்த வண்ண அடுக்கு அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. குடும்பத்தார் சொல்லும் காலத்தோடும் அது பொருந்துகிறது. சுருள்களுக்கும் உச்சிக் கொண்டைக்கும் நடுவே சிறு புடைப்பு ஒன்று இருந்தது. முன்னவர் அதை ஏதோ ஆணித்தலை என்று எண்ணி அதன்மேலும் கறுப்பைத் தடவியிருந்தார். அடியில் சிவப்பு. கிழக்காசியப் புத்தர் சிலைகளில் கொண்டையின் அடியில் ஒளிவிடும் ஞானத்தைக் குறிக்கும் மணி அது. மார்பில் ஸ்வஸ்திகம், அதுவும் அரக்கு நூலால். சீனத்தில் அந்தக் குறியைப் 'பத்தாயிரம்' என்ற பொருளுள்ள 'வான்' என்னும் ஒலியால் படிக்க வேண்டும் என்று பேரரசி வூ 693-இல் ஆணையிட்டார்; எல்லா நற்பேறுகளும் ஒருங்கே குவிந்த இடம் என்பது கருத்து.

இவை எல்லாம் இது புத்தர், புத்தநிலையை நோக்கிச் செல்லும் போதிசத்துவர் இல்லை என்பதை உறுதிப்படுத்தினவே தவிர, எந்தப் புத்தர் என்று சொல்லவில்லை. ஆன்ட்டியின் வீட்டில் 'ஹுட் சோ' என்பார்கள். ஹொக்கியனில் அந்தச் சொல் புத்தரையும் குறிக்கும், கருணையின் போதிசத்துவரான குவான்யினையும் குறிக்கும். சீனக் கோயில்களில் சாக்கியமுனி (கௌதம புத்தர்), அமிதாபர், மருத்துவப் புத்தர் மூவருக்கும் முகம், முடி, ஆடை எல்லாம் ஏறக்குறைய ஒன்றே; கையும் கையில் உள்ள பொருளும்தான் பிரித்துக் காட்டும். மருந்துக் கலயமோ சிறு கோபுரமோ இருந்தால் மருத்துவப் புத்தர். வலக் கை உயர்ந்து அபயமும் இடக் கை தாழ்ந்து வரதமும் காட்டி நின்றால் சாக்கியமுனி. இந்த நின்ற கோலத்துக்குப் புகழ்பெற்ற சான்று, ஜப்பானியத் துறவி சோனென் 985-இல் சீனத்தின் தைசோவில் செதுக்குவித்து எடுத்துச் சென்றதும், இன்றும் கியோட்டோவின் செய்ரியோஜி கோயிலில் இருப்பதுமான மரச்சிலை. முன்னவர் மனத்தில் அந்த வகை உருவம்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் அந்தக் கோலத்தில் இடது கை கீழே தொங்கும். என் மேசைமேல் நின்றவருக்கு அது மார்பருகே மடங்கியிருந்தது. கைகள் இரண்டும் வெவ்வேறு கதை சொல்லிக்கொண்டிருந்தன.

ஒட்டு வலது கையைக் கழற்றினேன். சட்டைக் கையின் வாய்க்குள் சிமென்ட் போன்ற மக்கு; அதன் நடுவே இரும்புத் திருகாணி. மக்கைச் சுரண்டி எடுத்த பின் அடியில் பழைய சதுரத் துளை தெரிந்தது. அதில் ஒரு மூங்கில் குச்சியைச் செருகிப் பார்த்தேன். குச்சி கீழ்நோக்கி, சற்று முன்னே சாய்ந்து நின்றது. திருகாணியோ அதற்குக் குறுக்காக மேல்நோக்கி ஏறியிருந்தது. பிறகு விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்தேன். வலது தொடையை ஒட்டிய ஆடை மடிப்பில், தங்கரேக்கு ஏறாத மங்கலான பட்டை ஒன்று, கை அகலத்துக்கு, விரல்நுனி போல் கீழே குறுகி முடிந்தது. கை அங்கே தொங்கிக்கொண்டிருந்ததால் ரேக்கு ஒட்டியவரின் தூரிகை உள்ளே புகவில்லை. இல்லாமற்போன கை தன் நிழலை விட்டுச் சென்றிருந்தது.

இடது உள்ளங்கையிலும் அதுபோலவே. நடுவே சிறு துளை. அதைச் சுற்றி ரேக்கில்லாத ஒரு வட்டம், குறுக்களவு 22 மி.மீ. பாத்திரத்தின் அடி என்றால் வட்டம் சீராக இருக்க வேண்டும். இங்கே விளிம்பு எட்டு இடத்தில் உள்வாங்கி, எட்டு இடத்தில் வெளியே வளைந்திருந்தது. துளையில் முறிந்து நின்ற கழுந்தின் (செருகு முளையின்) மேல்முனையில் அரிசிமணி அளவுக்கு ஒட்டியிருந்த சில்லில் தங்கமும், கீழ்நோக்கி மடிந்த இதழ் ஒன்றின் வளைவும் இருந்தன. அது ஒரு தாமரை.

தாழ்ந்து, உள்ளங்கை வெளியே தெரியும் வலது கை. தாமரை ஏந்திய இடது கை. சீன மரபில் இது அமிதாபர், அதிலும் 'ஜியேயின் ஃபோ', அதாவது இறக்கும் வேளையில் எதிர்கொண்டு அழைத்துச் செல்ல வரும் புத்தர். அவர் எடுத்ததாகச் சொல்லப்படும் 48 உறுதிமொழிகளுள் ஒன்று, தன்னை நாடியவரின் கடைசி மூச்சின்போது அவர் முன்னே தோன்றுவேன் என்பது. கையிலுள்ள தாமரை அழகுக்கு ஏந்திய பூ இல்லை. அது ஓர் இருக்கை. போகிறவரின் உயிர் அதில் அமர, மேற்கே உள்ள அமிதாபரின் உலகமான தூய நிலத்தில் அந்த மொட்டு விரியும்போது மறுபடி பிறக்கும். அவரவர் தகுதிக்கேற்ப அந்தப் பிறப்புக்கு ஒன்பது படிகளும் உண்டு. தாழ்ந்த கை, கீழே கிடப்பவரை நோக்கி நீளும் கை. அதை நிமிர்த்தி வைத்தவர், அழைக்கும் புத்தரை 'அஞ்சாதே' என்று நிறுத்திச் சொல்லும் புத்தராக்கிவிட்டார். மோசமான பொருள் ஒன்றும் இல்லை, ஆனால் ஆள் வேறு.

இதை ஆன்ட்டியிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் தயங்கினேன். எழுபது ஆண்டாக அவர் கும்பிட்டது நிமிர்ந்த கையைத்தான். முன்னவரைக் குற்றவாளியாக்கவும் மனம் வரவில்லை. வழிபாட்டில் இருக்கும் சிலையைத் தலைமுறைதோறும் புதுப்பிப்பது சீனத்தில் பக்திச் செயல். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ள, 1200 வாக்கில் செதுக்கிய மரக் குவான்யினையும் பின்னால் மிங் அரச மரபின் காலத்தில் யாரோ தங்கம் பூசி, வெண்கலச் சிலைபோல் தோன்றச் செய்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் விளக்கு வெளிச்சத்தில் காட்டினேன். ஆன்ட்டி தொடையருகே இருந்த நிழல் பட்டையைத் தொட்டுப் பார்த்தார். பாட்டி எப்போதும் 'ஓ-மி-தோ-ஹுட்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார் என்றார். அமிதாபர் பெயரை எல்லாச் சீனப் பௌத்தரும் சொல்வார்கள், அதைச் சான்றாகக் கொள்ள முடியாது என்று நான் சொன்னேன். "உனக்குச் சான்று வேண்டும், எனக்கு வேண்டாம், பழைய கையைத் தூக்கிப் போடாமல் என்னிடம் கொடு, புதியதைச் செய்" என்றார்.

சிலையின் முதுகில் பலகையால் மூடிய ஒரு சிறு குழி உண்டு. சாய்த்தால் உள்ளே உலர்ந்த தானியம் உருளும் ஓசை கேட்டது. மரச்சிலைக்கு உயிரூட்ட, குழிக்குள் தானியம், மூலிகை, ஐவண்ண நூல், மந்திரச் சுருள் போன்றவற்றை வைத்து மூடுவார்கள். முன்பு சொன்ன செய்ரியோஜி சிலைக்குள் பட்டுத் துணியில் தைத்த உள்ளுறுப்புகளே 1950-களில் வெளிப்பட்டன. ஹூனான் மாநிலத்து வீட்டுச் சிலைகளில் செய்வித்தவர் பெயர், ஊர், நாள், காரணம் எல்லாம் எழுதிய தாள்கள் கிடைக்கின்றன. எனக்கு ஆவல் இல்லை என்றால் பொய். அந்தப் பலகையைத் திறந்தால் ஒரே நாளில் என் ஐயங்கள் தீர்ந்திருக்கக்கூடும். ஆனால் திறந்தால் சடங்கு முறிந்து, மறுபடி துறவிகளை அழைத்துக் கண் திறப்பிக்க வேண்டும். கையை ஒட்டத்தான் எனக்கு அனுமதி இருந்தது. பலகையின் விளிம்பில் தளர்ந்திருந்த தாளை மட்டும் மாவுப் பசையால் படிய வைத்தேன். விழிகளையும் தொடவில்லை. கருமணியைத் தூரிகையால் தொட்டுத் திறப்பது அங்கேயும் சடங்கின் உச்சம். நம் சிற்பிகள் கண் திறக்கும் நாளை நினைத்துக்கொண்டேன்.

உடைந்த கற்பூரப் பெட்டி ஒன்றின் பலகையிலிருந்து புதிய கைக்கு மரம் எடுத்தேன். முதல் கை குட்டையாகப் போயிற்று. என் கையை அளந்து அந்த விகிதத்தில் செதுக்கியதுதான் பிழை. பௌத்த மரபில் புத்தர் போன்ற மாமனிதருக்குரிய 32 உடல் இலக்கணங்களுள் ஒன்று, குனியாமலே கை முழங்காலைத் தொடும் என்பது. ஆடையில் இருந்த நிழலும் முழங்காலுக்குச் சற்று மேலேதான் முடிந்தது. அதை முதலிலேயே அளந்திருக்க வேண்டும். இரண்டாவது கையில் நீளம் சரியாக வந்தது. விரல்களைத் தனித்தனியாகப் பிரித்துச் செதுக்கிக்கொண்டிருந்தபோது மோதிர விரல் மரத்தின் இழை ஓட்டத்தில் பட்டென்று முறிந்தது. எரிச்சலோடு இடது கையைத் திரும்பப் பார்த்தேன். அங்கே விரல்களுக்கு நடுவே மெல்லிய சவ்வு ஒன்றைச் சிற்பி விட்டுவைத்திருந்தார். விரலிடைச் சவ்வும் அந்த 32-இல் ஒன்று. ஓர் உயிரும் நழுவி விழாத கை என்பது பொருள். கூடவே, குச்சி போன்ற மர விரல்கள் ஒன்றையொன்று தாங்கி முறியாமல் நிற்பதற்கும் அதுவே வழி. மூன்றாவது கையில் சவ்வை விட்டேன். உளி நின்ற இடத்தில் நின்றது.

தாமரையை அடித்தடத்தின் எட்டு வளைவுக்குப் பொருந்த இரண்டு அடுக்கு இதழாகச் செதுக்கினேன். மேல்பக்கம் எப்படியிருந்தது என்பதற்குத் தடயம் எதுவும் இல்லாததால் அங்கே விதைக்கூடு, கோடு, மணி எதையும் சேர்க்காமல் வெறும் வட்டமாக விட்டேன். கையையும் தாமரையையும் பழைய துளைகளிலேயே மர ஆணியால் பொருத்தி, வெந்நீருக்கு இளகும் மீன் வஜ்ஜிரத்தைத் தொட்டும் தொடாமலும் தடவினேன். நாளை வேறொருவர் என் முடிவு தவறு என்று கண்டால் அரை மணி நேரத்தில் கழற்றிவிடலாம். இரண்டின் கழுந்திலும் ஆண்டைப் பென்சிலால் எழுதியிருக்கிறேன். தங்கரேக்கு, பழையதைவிட ஒரு மாற்று மங்கலாகத் தெரியும்படி, தேய்த்த காவி நிலத்தின்மேல் ஒட்டினேன். நான் அழித்த இதழ் நரம்புகளைத் திரும்பத் தீட்டவில்லை.

சிலையைக் கொண்டுபோய் வைத்த அன்று இன்னொன்று புரிந்தது. என் மேசைமேல் இருந்த ஐந்து மாதமும் தலை சற்றுக் குனிந்து, கண் பாதி மூடி, யாரையும் பாராமல் நிற்பதுபோலவே தோன்றியவர், உயரமான பூசை மேடைமேல் ஏறியதும் தரையில் மண்டியிட்டவரை நேராகப் பார்த்தார். குனிந்த பார்வையும் தாழ்ந்த கையும் ஒரே புள்ளியில் வந்து சேர்ந்தன. ஆன்ட்டி மூன்று ஊதுபத்தி ஏற்றி வணங்கினார். பழைய கையைச் சிவப்புத் தாளில் மடித்து மேடையின் இழுப்பறையில் வைத்தார். பிறகு எழுந்து, கொஞ்சம் பின்னே போய்ப் பார்த்து, எண்ணெய் விளக்கின் கண்ணாடிக் குவளை புதிய கையை மறைக்கிறது என்று சொல்லி, அதை இடப்பக்கம் நகர்த்தினார்.